மேல்கரையையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டர்பன் வெள்ளத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ஆற்றங்கரையில் குடியேறியவர்கள் தலையில் பழியைப் போட்டு முடிந்திருந்தது. நான் அந்தக் கரையில் பிறந்தவள். அதனால்தான் எழுதுகிறேன்.

தாத்தா கூலி ஒப்பந்தம் முடிந்து கரும்புத் தோட்டத்தை விட்டு வந்தபோது நல்ல நிலம் யார் கொடுத்தார்கள்? வேறு யாருக்கும் வேண்டாத, ஆற்றோரத்து ஸ்ப்ரிங்ஃபீல்டு வண்டல்தான் குத்தகைக்குக் கிடைத்தது. வெண்டை, மிளகாய், கொத்தமல்லி போட்டார்கள். ஆயா கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்றாள். 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு அத்தனையையும் வாரிக்கொண்டு போனது. படவட்டன் என்பவர் தலைமையில் மீனவர்கள் ஆறு பேர் படகில் திரும்பத் திரும்பப் போய் 176 பேரைக் கரை சேர்த்த கதை இன்றும் எங்கள் வீடுகளில் உண்டு. 1976இல் மறுபடி வெள்ளம். அப்போது எனக்கு 22 வயது. கரையோரத்தில் நாங்கள் இருந்த டின் டவுன் குடியிருப்பைக் காலி செய்து ஃபீனிக்ஸுக்கு வந்தோம்.

கட்டுரை பேசியது முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் உள்ள கொஞ்ச தூரத்தை மட்டும். ஆற்றின் நீளமோ 232 கிலோமீட்டர். மிட்லண்ட்ஸ் என்கிற உள்நாட்டு மேட்டுப்பகுதியில் ஈரப்புல் சதுப்பில் பிறந்து, மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நாகல், இனாண்டா என நான்கு அணைகளைக் கடந்து வருகிறது. ஒரு காலத்தில் மேலே பெரும்பகுதி புல்வெளி. மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு, வறண்ட மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக்கு விடும். அங்கேதான் பிறகு வாட்டில் மரமும் யூகலிப்டஸும் பைனும் கரும்பும் ஏறின. ஆழ வேர்விட்ட மரம் பனிக்காலத்திலும் தண்ணீர் குடிக்கும். கரும்பு அவ்வளவு குடிக்காது, சரி. ஆனால் எரித்து வெட்டி, பழைய கட்டையைப் பிடுங்கி மறுநடவு செய்கிற சமயம் சரிவில் வெறும் மண். ஒரு பெருமழை போதும், அது ஆற்றுக்கு வந்துவிடும்.

1917 வெள்ளத்துக்கும் 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கும் கரும்பே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிக் கொட்டினால் எந்தப் புல்வெளியும் தாங்காது. ஆனால் கரையில் இருப்பவனைக் கேட்கிற கேள்வியை மேலே உழுகிறவனையும் கேட்க வேண்டாமா?

தென்னாப்பிரிக்காவின் 1998 தேசிய நீர்ச் சட்டம் 36ஆம் பிரிவில், ஆற்றோட்டத்தைக் குறைக்கும் செயல் என்று பெயர் சொல்லிக் குறிப்பது வணிக மரத் தோட்டத்தை. வேறு பயிரைச் சேர்க்க அமைச்சருக்கு அதிகாரம் உண்டு. கரும்பை ஏன் சேர்க்கவில்லை என்பதை உங்கள் நிருபர் அமைச்சகத்துக்கே போய்க் கேட்கட்டும். மழையை மட்டும் நம்பிய கரும்பைச் சேர்த்து அனுமதி வாங்கச் சொல்வது எதற்கு என்று விவசாயிகள் சொல்வார்கள். அதையும் போடுங்கள். டர்பனுக்குத் தண்ணீர் போதாமல் மூயி ஆற்றிலிருந்து குழாய் வழியே கொண்டுவந்து உம்கேனியில் விடுகிறார்கள் என்பதையும் அதன் பக்கத்திலேயே போடுங்கள்.

கரும்பென்றால் எங்களுக்குச் சவுக்கடியும் கண்ணீரும்தான் நினைவுக்கு வரும். 1860இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களைத் தேர்ப் பந்தலில் வருடம் தவறாமல் நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பயிருக்காக உழுத நிலம் என்ன ஆயிற்று என்று எந்தப் பந்தலிலும் பேசிக் கேட்டதில்லை. உழுத கைகளும் எங்கள் கைகள்தான், அதனால் கேட்கக் கூச்சமாகவும் இருக்கிறது.

உங்கள் நிருபர் ஒருமுறை வார்ட்பர்க் வழியாக ஆல்பர்ட் ஃபால்ஸ் வரை காரில் போய் வரட்டும். நவம்பர் மழை விட்ட மறுநாள் போனால் நல்லது, ஓடைகளின் நிறம் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஃபீனிக்ஸ், டர்பன்