எதிரணியின் கருத்தைப் படிப்பது வீண் வேலையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வியாழக்கிழமை தங்கள் மாணவர் இணைப்பில், பேச்சுப்போட்டிக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கான குறிப்புகளில், 'எதிரணியின் கருத்தைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம், உங்கள் பக்கத்துக்கு வேண்டியதை மட்டும் திரட்டுங்கள்' என்றொரு வரி வந்திருந்தது. புதுச்சேரியில் 31 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு அன்று காலை அதற்குமேல் நாளிதழைப் புரட்ட மனம் வரவில்லை.

தாங்கள் நன்னூல் அறியாதவர் அல்லர். நூலாசிரியன் கொள்ளும் எழுவகை மதங்களை, அதாவது கொள்கைகளை, அந்த இலக்கண நூலில் அடுக்கும் பவணந்தி முனிவர், 'மறுத்தல்' என்பதற்கு முன்னால் 'உடன்படல்' என்பதை வைத்தார். மூன்றாவதாக, 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு' என்றார். மாற்றார் சொல்வதை முதலில் ஏற்றுக்கொண்டு, அதன் உள்ளே நின்றே அதன் குறையைக் காட்டி நீக்குவது அது. பிறர் கருத்தைப் படிக்கவே படிக்காத பிள்ளை எதை மேற்கொள்ளும், எதைக் களையும்?

சில ஆண்டுகளுக்கு முன், வைத்திக்குப்பத்து மீனவக் குடும்பத்து மாணவி ஒருத்தியைப் போட்டி ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். கடலோரத்தில் கல் கொட்டினால் கரை காக்கப்படுமா என்பது தலைப்பு. காக்கப்படாது என்பது அவள் பக்கம். நோட்டின் நடுவே கோடு கிழித்து, இடப்புறம் முழுவதும் எதிரணி சொல்லக்கூடியதை அவளே எழுதி வைத்திருந்தாள். மேடையில், 'கல் கொட்டியதால் எங்கள் தெருவில் வீடுகள் தப்பின, எங்கள் வீடும் தப்பியது, அதை நான் மறுக்கவில்லை' என்று தொடங்கினாள். 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய கல்தடுப்புகள் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்துவிட்டதையும், மணல் வந்து சேராத கரையில் கொட்டிய கல் அரிப்பை நிறுத்தாமல் வடக்கே தந்திராயன்குப்பம் பக்கம் தள்ளிவிட்டதையும் அதன்பிறகே சொன்னாள். தான் தப்பியதை ஒப்புக்கொண்ட பெண் சொன்னதால்தான் அவையில் இருந்தவர்கள் அதை நம்பினார்கள். நடுவரோ, 'எதிரணிக்காகப் பேசிவிட்டாய்' என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். பேருந்து நிறுத்தத்தில் அவள் என்னிடம், 'உண்மையை எப்படி இல்லையென்று சொல்வது ஐயா?' என்று கேட்டாள். அந்த நடுவரின் தீர்ப்பைத்தான் தங்கள் இணைப்பு இப்போது பாடமாகவே அச்சிட்டிருக்கிறது.

இவ்வளவு தூரம் வந்தபின் பழைய மனக்குறை ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மலையில் நெருப்பு உண்டு என்று நிறுவ வந்த கூற்று பக்கம், புகை தெரிவதால் என்ற காரணம் ஏது, அடுக்களையைப் போல என்ற எடுத்துக்காட்டு திட்டாந்தம் என்று, வாதத்தை நிறுவும் அளவை முறையை மணிமேகலை நமக்குத் தமிழிலேயே வகுத்துத் தந்திருக்கிறது. சென்ற ஆண்டு பாடநூல் குறித்து நான் எழுதிய கடிதத்தில் தாங்கள் பக்கத்தை மட்டும் வெளியிட்டு, ஏதுவையும் திட்டாந்தத்தையும் வெட்டிவிட்டீர்கள். மறுநாள் காலை நடையில் சந்தித்தவர்கள், காரணமே சொல்லாமல் இப்படிக் கோபப்படலாமா என்று என்னைக் கேட்டார்கள். இடநெருக்கடி எனக்குப் புரியாததன்று. ஆனால் 'ஆய்வு கூறுகிறது' என்று எந்த ஆய்வு, யார் செய்தது என்ற விவரமே இல்லாமல் வரும் பெட்டிச் செய்திகளுக்கு அதே பக்கத்தில் இடம் இருக்கிறதே. எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் மெய்ப்பொருள் காணச் சொன்ன குறளை வகுப்பில் மனப்பாடம் செய்யவைத்துவிட்டு, நாளிதழைக் கையில் கொடுத்து, யார் சொன்னது என்று தேடிப் பார் என்றால் பிள்ளைகள் எங்கே தேடுவார்கள்?

பள்ளிகளுக்கிடையேயான போட்டிகள் அடுத்த மாதம் தொடங்குகின்றன. அதற்குள் வரும் ஏதேனும் ஒரு வியாழக்கிழமை, அதே இணைப்பில், எதிரணியின் கருத்தையும் படித்துவிட்டு மேடையேறுங்கள் என்று ஒரு வரி திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இக்கடிதத்துக்கு இடம் போதாவிட்டால், கடிதத்தை விட்டுவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் வெளியிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.