2025-ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அண்ணாச்சிக்கும், இன்று வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், அவர்களுக்காக இதே அறிக்கை வாட்ஸ்அப் குழுவிலும் போடப்படும்.

பாளையங்கோட்டையில் உள்ள நம் தெருக் குடியிருப்போர் சங்கம் இந்த ஆண்டும் வழக்கம்போல் செயல்பட்டது. பொங்கல் விழா நடந்தது. குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். வாறுகால் இருமுறை தூர்வாரப்பட்டது. எரியாத தெருவிளக்குகளில் மூன்று எரிகின்றன. செயற்குழு ஆறு முறை கூடியது. இரண்டு முறை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள்) இல்லாமல் காபி குடித்துவிட்டுக் கலைந்தோம்.

இனி சூரிய நாட்காட்டி. இதைப் பற்றித் தெருவில் பலவிதமாகப் பேச்சு இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் நான் வைத்த யோசனை இதுதான். பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் சமப்பகலிரவு நாள் இரண்டு, சூரியன் வடகோடிக்கோ தென்கோடிக்கோ போய்த் திரும்பும் கதிர்த்திருப்பம் இரண்டு, நம் ஊரில் நண்பகல் நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும் நிழலில்லா நாள் இரண்டு. இவற்றை எல்லார் செல்போனிலும் தெரியும்படி ஒரு பொது நாட்காட்டியில் ஏற்றுவது; அந்தந்த நாளில் சங்கக் கட்டட மொட்டைமாடியில் கூடி, ஒரு மீட்டர் உயரக் குழாயின் நிழலை அளந்து எழுதிவைப்பது. ஆட்சேபணை இல்லாமல் தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்புகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன.

மார்ச் 20-இல் நடந்த பிழைக்கு நானே பொறுப்பு. சமப்பகலிரவுக் கணத்துக்கு உலக நேரத்தில் கொடுக்கப்பட்ட 9.01-ஐ அப்படியே ஏற்றிவிட்டேன். ஐந்தரை மணி நேரம் கூட்டியிருக்க வேண்டும். நமக்கு அது பிற்பகல் 2.31. காலை ஒன்பது மணிக்கு நான்கு பேர் வந்து வெயிலில் நின்றார்கள். அதற்காக அன்றே மன்னிப்புக் கேட்டாயிற்று. ஒன்பது மாதம் கழித்தும் என்னை ‘ஒன்பது மணி’ என்று கூப்பிடுவது நியாயமா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இத்தனைக்கும் நிழல் அளவு தப்பவில்லை. மதியம் 12.27-க்கு வடக்கே 15 சென்டிமீட்டர்.

12.27 ஏன், உச்சிப்பொழுது பன்னிரண்டுக்குத்தானே என்று பலர் கேட்டார்கள். கடிகாரம் காட்டுவது கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையின் நேரம். நாம் அதற்கு மேற்கே ஏறக்குறைய 77¾ பாகையில் இருக்கிறோம். பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் பத்தொன்பது நிமிடம் பிந்தித்தான் சூரியன் நமக்கு உச்சிக்கு வரும். சூரியன் கடிகாரம்போல் சீராக ஓடாமல் ஆண்டுக்குள் கொஞ்சம் முந்தியும் பிந்தியும் வருவதும் சேர்ந்து, நவம்பர் தொடக்கத்தில் இது 12.03 ஆகவும் பிப்ரவரியில் 12.33 ஆகவும் நகரும். நில அளவைத் துறையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

ஏப்ரல் 12, சித்திரைக்கு இரண்டு நாள் முந்தி, நிழலில்லா நாள். இந்த ஆண்டின் பெரிய கூட்டம் அன்றுதான். பதநீர் உண்டு என்று அறிவித்திருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். 12.20-க்குக் குழாயின் நிழல் அதன் அடிக்குள்ளேயே போய்விட்டது. பிள்ளைகள் தங்கள் நிழலைத் தேடிக் குனிந்து பார்த்தார்கள். 12.25-க்குப் பதநீரும் தீர்ந்தது, கூட்டமும் தீர்ந்தது.

கதிர்த்திருப்ப நாளான ஜூன் 21 தான் என் மனதுக்கு நெருக்கமான நாள். அன்று உச்சியில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது, அதனால் நிழல் தெற்கே விழும். குழாய்க்கு 26 சென்டிமீட்டர். ‘வீட்டுக்குத் தெற்குச் சுவரில் வெயில் அடிக்கும்’ என்று அறுபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஓர் அண்ணாச்சி, குழாயைச் சுற்றி மூன்று தடவை நடந்துவிட்டு, ‘திசைகாட்டியில கோளாறு இருக்கு வே’ என்றார். திசைகாட்டியே வைக்கவில்லை. நிழலை வைத்துத்தான் தரையில் வடக்குக் கோடு காவியால் போட்டிருக்கிறோம். அன்று வந்தவர்கள் ஏழு பேர். நாட்காட்டியில் ‘வருகிறேன்’ என்று அழுத்தியவர்கள் இருபத்திரண்டு பேர்.

ஆகஸ்ட் 30, 31 இரண்டு நாளும் நிழல் ஏறக்குறைய ஒடுங்கியது. பதநீர்ப் பருவம் முடிந்துவிட்டது. வந்தவர் மூவர், நானும் சேர்த்து.

செப்டம்பரில்தான் பெரிய வாக்குவாதம். இந்த முறை நேரத்தைச் சரியாக ஏற்றியிருந்தேன்: 22-ஆம் தேதி இரவு 11.49. ‘ராத்திரி பன்னெண்டு மணிக்கு எந்தச் சூரியனைப் பாக்கச் சொல்லுதிய?’ என்று குழுவில் கேள்வி. அது சூரியன் நிலநடுக்கோட்டைக் கடக்கிற கணம், கண்ணால் பார்ப்பதற்கானது அல்ல, பகல் அளவுக்கு வந்தால் போதும் என்று எழுதினேன். அதற்குள், மகன் சிங்கப்பூரில் இருக்கிற ஒரு வீட்டிலிருந்து, அவன் போனில் 23-ஆம் தேதி என்று காட்டுகிறது, செயலாளர் மறுபடியும் தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டார் என்று செய்தி. அங்கே அப்போது அதிகாலை 2.19. கணம் ஒன்றுதான், கடிகாரம்தான் வேறு. இதை விளக்கி நான் பதிவிட்ட குரல்செய்தி பதினோரு நிமிடம் ஓடியது என்று குறை சொல்கிறார்கள். முழுவதும் கேட்டவர் யார் என்று தெரிந்தால் அவரைத் துணைச்செயலாளராக முன்மொழியத் தயார்.

டிசம்பர் 21-இல் மேகத்துக்கு நடுவே வெயில் வந்தபோது 62 சென்டிமீட்டர் வடக்கே. கணக்குப்படி 63. அந்த ஒரு சென்டிமீட்டருக்குக் காரணம் எனக்குத் தெரியும். குழாயில் யாரோ துணிக்கொடி கட்டி, ஈரப் போர்வை காயப்போட்டு, அது தெற்கே சாய்ந்திருக்கிறது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். யார் என்று விசாரிக்கவில்லை. போர்வையை அடையாளம் தெரியும்.

உத்தராயணம் தை முதல் நாள்தானே, டிசம்பர் 21 எப்படி என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வருத்தப்பட்டார். பஞ்சாங்கத்தைப் பொய் என்று நான் சொல்லவே இல்லை. பஞ்சாங்கம் சூரியனை நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடுகிறது, நிழல் அப்படி இல்லை. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் இரண்டும் எழுபத்திரண்டு ஆண்டுக்கு ஒரு பாகை விலகி, இன்று ஏறத்தாழ 24 நாள் ஆகிவிட்டது. சித்திரை விசுவும் சமப்பகலிரவு நாளும் ஒன்றாக இருந்து சுமார் 1,700 ஆண்டாகிறது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் டிசம்பர் 21-க்கு வந்து நின்றார், அதைப் பதிவு செய்கிறேன்.

நாட்காட்டியை எல்லாரும் திருத்தலாம் என்று விட்டது என் பெருந்தன்மை. அதன் பலனாக அக்டோபரில் எல்லார் போனிலும் ‘பேத்தி காதுகுத்து’, ‘கேஸ் புக் பண்ணணும்’ என்று மணி அடித்தது. அப்புறம் அனுமதியை மாற்றிவிட்டேன்.

வரவு செலவு விவரம் பொருளாளர் அண்ணாச்சியின் நோட்டில் இருக்கிறது. பொதுவாகச் சொன்னால் வந்தது போயிற்று. கையிருப்பு சொல்லும்படி இல்லை. குழாய், சிமெண்ட், காவி எல்லாம் சேர்த்து 1,140 ரூபாய்தான் ஆனது. பாதி என் கைக்காசு. மாதம் ஐம்பது ரூபாய் சந்தாவில் பத்தொன்பது வீடுகள் ஓராண்டு நிலுவை. அவற்றில் சில வீடுகளில்தான் பதநீர் இரண்டு டம்ளர் போனது.

மாடியைத் திறந்துவிட்ட காவலாளிக்கும், காபி போட்டுத் தந்த மதினிக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி. டேப்பைப் பிடித்து அளந்து, ஆறு தேதிக்கும் நோட்டில் அழகாக எழுதிவைத்திருக்கிற கடைசி வீட்டு ஏழாம் வகுப்புப் பெண்ணுக்குத் தனி நன்றி. அவள் வீட்டில் சந்தா பாக்கி இல்லை.

வரும் ஆண்டில் குழாயை எடுத்துவிட்டுக் கல்லில் ஒரு நிரந்தரத் தூண் நட ஆசை. பணம் எங்கே என்று கேட்பீர்கள். பத்தொன்பதை அறுநூறால் பெருக்கிப் பாருங்கள். உடம்பும் முன்போல் மாடிப்படி ஏற விடுவதில்லை. இளையவர் யாராவது பொறுப்பேற்பதாக இருந்தால் நாட்காட்டியின் கடவுச்சொல்லை இன்றைக்கே எழுதித் தருகிறேன். இல்லையென்றால், சரி, இன்னும் ஓராண்டு பார்க்கிறேன்.

2026 செப்டம்பர் 23 காலை 5.35-க்குச் சமப்பகலிரவுக் கணம். அரைமணி கழித்து நேர் கிழக்கே சூரியன் எழும், மாடியிலிருந்து பார்க்கலாம். டிசம்பர் 22-ஆம் தேதி கதிர்த்திருப்பம் அதிகாலை 2.20. அதற்கு யாரும் எழுந்து வர வேண்டாம். மதியம் 12.17-க்கு வந்தால் போதும், சந்தாவைக் கையோடு கொண்டுவரவும்.

இப்படிக்கு,
செயலாளர்