13-ஆம் திருத்தத்தில் அந்த விதிவிலக்கு இன்னும் எதற்கு?

மதிப்பிற்குரிய அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் இருந்து எழுதுகிறேன். போன வாரம் என் மகள் வீட்டுப்பாடத்தில், 1865-இல் அடிமைமுறை ஒழிந்தது என்று எழுதினாள். அதை ஒழித்த, அமெரிக்க அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தத்தை எடுத்து இருவரும் வாசித்தோம். ‘குற்றத்துக்குத் தண்டனையாக இருந்தால் தவிர’ என்ற இடம் வந்ததும், “அப்போ முழுசா ஒழியலையாப்பா?” என்றாள். என்னிடம் பதில் இல்லை.

அந்த விதிவிலக்கு என்ன செய்தது என்பதை எங்கள் ஊர் மண்ணே சொல்லும். 2018-இல் பள்ளிக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது 95 பேரின் எலும்புகள் கிடைத்தன. சங்கிலிக் கண்ணிகளும் கிடைத்தன. டெக்சாஸ் அரசு கைதிகளைக் கரும்புத் தோட்டங்களுக்குக் குத்தகைக்கு விட்ட காலத்தில் இறந்தவர்கள். பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 14 வயதுப் பையன்கூட அதில் இருந்திருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். என் மகளுக்கு இப்போது 13.

முன்னாள் சிறைக்காவலர் ரெஜினால்ட் மூர், அங்கே பிணங்கள் புதைந்திருக்கும் என்று பல வருடங்களாகச் சொல்லிவந்தார். தோண்டும்வரை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அது பழைய கதை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இன்றும் டெக்சாஸ் சிறைகளில் பெரும்பாலான வேலைக்குச் சம்பளம் கிடையாது. அந்த விதிவிலக்கை நீக்குங்கள்.

கொலராடோ 2018-இலேயே தன் மாநில அரசியலமைப்பில் இருந்து அதை எடுத்துவிட்டது. அலபாமாகூட 2022-இல் எடுத்தது. உங்கள் அவையிலோ 2020 முதல் திரும்பத் திரும்ப மசோதா வருகிறது, வாக்கெடுப்பு மட்டும் வருவதில்லை. 1870-இல் 15-ஆம் திருத்தம் தந்த வாக்குரிமையைத் தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்கள் நிஜமாகப் பயன்படுத்த 1965 வரை காத்திருந்தார்களே, இன்னும் எத்தனை தலைமுறை காத்திருக்க வேண்டும்? காத்திருப்பது எப்போதும் அவர்களாகவே இருப்பது ஏன்?

கோபத்தில் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் இதில் எனக்கும் ஒரு கடன் இருக்கிறது. அடிமைத்தனத்தில் இருந்து விடுதலையானவர்களுக்காக 1868-இல் வந்த 14-ஆம் திருத்தத்தால்தான், வேலை விசாவில் இருந்த எங்களுக்கு இங்கே பிறந்த மகள் பிறந்த அன்றே குடிமகள் ஆனாள்.

அதனால் பணிவுடன் கேட்கிறேன். மசோதாவை இந்தக் கூட்டத்தொடரிலேயே வாக்கெடுப்புக்கு விடுங்கள். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு திரட்டி மாநிலங்களின் ஒப்புதலுக்கு அனுப்புங்கள். அந்த விதிவிலக்கை நீக்குங்கள்.

இப்படிக்கு,
சுகர் லேண்டில் வசிக்கும் ஒரு தகப்பன்