டிராலியை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அழகிப் போட்டிகளைக் கண்டித்து வந்த கட்டுரையின் பெரும்பகுதியோடு எனக்கு உடன்பாடே. ஆனால் இளம்பெண்களில் ஒருவரை 'ரோஸ்' என்று தேர்ந்தெடுக்கும் அயர்லாந்தின் 'ரோஸ் ஆஃப் டிராலி' விழாவையும் போகிற போக்கில் நீச்சலுடை அணிவகுப்புகளோடு சேர்த்து எழுதிவிட்டீர்கள். அதை என் மகளுக்குப் படித்துக் காட்டினேன். "நீங்களே எழுதுங்கம்மா, நீங்கதான அங்க உட்கார்ந்து எல்லாத்தையும் பார்த்தீங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். 2001-ல் நர்ஸ் வேலைக்காக அயர்லாந்து வந்து, டிப்பரரி கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) நீனா பக்கம் குடியேறினோம். மறு வருடம் மகள் பிறந்தாள். இரண்டு வருடங்களுக்கு முன், எங்கள் வட்டாரத்துக்கான ரோஸ் தேர்வில் அவள் கலந்துகொண்டாள். தேர்வாகவில்லை. டிராலி மேடை வரைக்கும் போகவும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு நாளை எங்கள் குடும்பம் மறக்காது.

விழாவின் கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கெர்ரி கவுண்டியின் தலைநகர் டிராலி. வில்லியம் மல்சினாக் என்ற பணக்கார புராட்டஸ்டண்ட் வீட்டுப் பையனும், அந்த வீட்டில் வேலை செய்த மேரி ஓகானர் என்ற ஏழைக் கத்தோலிக்கப் பெண்ணும் காதலித்தார்கள், அவன் ஊரைவிட்டு இந்தியாவுக்குப் போக நேர்ந்தது, பல வருடம் கழித்துத் திரும்பிய அன்று அவளுடைய சவ ஊர்வலம்தான் எதிரே வந்தது என்று ஊரில் கதை சொல்வார்கள். அவளைப் பற்றிய பாட்டின் பெயர்தான் விழாவுக்கும். குதிரைப் பந்தய வாரத்துக்குக் கூட்டம் சேர்க்க உள்ளூர் வியாபாரிகள் யோசித்ததில் 1959-ல் தொடங்கியது. முதல் ரோஸ் டப்ளினைச் சேர்ந்த ஆலிஸ் ஓசல்லிவன். 1967 முதல், அயர்லாந்தில் பிறந்த பெண்களும், உலகில் எங்கிருந்தாலும் ஐரிஷ் வம்சாவளிப் பெண்களும் வரலாம் என்றானது. பஞ்சத்தாலும் வறுமையாலும் பிள்ளைகளைக் கப்பலேற்றிய நாடு, ஆகஸ்ட் மாதத்தில் நியூயார்க்கிலிருந்தும் சிட்னியிலிருந்தும் பேத்திகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து "நீ யாரம்மா, உன் தாத்தா எந்த ஊர்" என்று விசாரிக்கிறது. இரண்டு இரவு அயர்லாந்தின் பொதுத் தொலைக்காட்சியான ஆர்டிஇ-யில் நடப்பது இந்த விசாரிப்புதான். அந்தப் பாட்டிலும், அவள் அழகு மட்டும் என்னைக் கவரவில்லை, கண்ணில் தெரிந்த உண்மைதான் என்று காதலன் சொல்வதாக வரும். நடுவர்கள் தேடுவதும் அதைத்தான் என்பார்கள்.

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன். போட்டியிடும் பெண்ணுக்கு உள்ளூர் கடையோ நிறுவனமோ ஆதரவு தர வேண்டும். எங்கள் ஊர் ஹார்டுவேர் கடைக்காரர் கேட்டதுமே சரி என்றார். மகள் கால்நடை மருத்துவமனையில் நர்ஸ். அவருடைய ஆடு ஒன்று குட்டி போட முடியாமல் தவித்த ராத்திரி, இவள்தான் மருத்துவரோடு போயிருந்தாள். தோளில் அவர் கடைப் பெயர் போட்ட பட்டையோடுதான் மேடை ஏறினாள். அவர் மனைவியும் மருமக்களும் இரண்டு மேசை நிறைய வந்து உட்கார்ந்து கொண்டார்கள். எங்கள் பக்கம் சொந்தம் என்று சொல்ல நானும் கணவரும் மகனும் மட்டும். அன்று அந்தக் குறையே தெரியவில்லை.

மத்தியானம் நடுவர்களோடு தனியாக நேர்காணல். வேலையைப் பற்றிக் கேட்டார்கள். இந்த ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். ராத்திரி பஸ் இல்லாமல் வயதானவர்கள் வீட்டோடு முடங்கிப் போகிறார்கள் என்று சொன்னாளாம். இடுப்பளவையோ எடையையோ யாரும் கேட்கவில்லை. ராத்திரி ஹோட்டல் மண்டபத்தில், எல்லாருக்கும் முன்னால் தொகுப்பாளரோடு பேச்சு. மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஐரிஷ் விளையாட்டு ஹர்லிங்; அதில் பக்கத்துக் கவுண்டியான கில்கெனி எங்களுக்குப் பரம எதிரி. "ஹர்லிங்கில் டிப்பரரியா, கில்கெனியா?" என்று அவர் கேட்டதும் அவள் பார்த்த பார்வைக்கே மண்டபம் கைதட்டியது.

பிறகு ஆளுக்கொரு கலை. கட்டாயம் இல்லை, விருப்பம்தான். என் மகளுக்குப் பரதமும் தெரியாது, ஐரிஷ் நடனமும் வராது. அவள் ஆச்சியிடம் வீடியோ காலில் கற்றுக்கொண்ட நடவுப் பாட்டை நாலு வரி பாடினாள். பள்ளிக்கூடத்தில் படித்த ஐரிஷ் மொழியில் அதன் அர்த்தத்தைச் சொன்னாள். முடிவில் குலவை போட்டாள். தாமிரபரணிக் கரையில் நாற்று நடும்போது என் அம்மா போட்ட அதே குலவை. ஒரு நொடி யாரும் அசையவில்லை. பின் வரிசையில் இருந்த வயசாளிப் பெண்கள் முதலில் எழுந்தார்கள். எனக்குக் கண் மறைத்துவிட்டது.

நாங்கள் விண்ணப்பித்தபோது, "பொண்ண அழகிப் போட்டிக்கா அனுப்புறீங்க?" என்று நம்மவர்களே கேட்டார்கள். இன்னொருவர், "நம்ம நிறத்துக்கு இதெல்லாம் கிடைக்குமா?" என்றார். இரண்டாவது கேள்விதான் எனக்கு அதிகம் வலித்தது. அதற்கான பதில் விழாவின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1998-ல் பட்டம் வாங்கிய கால்வே ரோஸ் லுஸ்விமிண்டா ஓசல்லிவனின் தாய் பிலிப்பைன்ஸ்காரர். 2010-ல் வென்ற லண்டன் ரோஸ் கிளேர் கம்பமெட்டுவின் அப்பா இந்தியர். 2018-ல் வென்ற வாட்டர்ஃபோர்டு ரோஸ் கிர்ஸ்டன் மாட்டே மஹரின் அப்பா ஜாம்பியாவைச் சேர்ந்தவர். "நிஜமா நீ எந்த ஊர்?" என்று பஸ்ஸிலும் கடையிலும் கேட்கப்பட்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு, அந்தப் பட்டத்தின் அர்த்தம் வேறு.

குறை இல்லாத விழா என்று நான் சொல்ல வரவில்லை. கல்யாணமான பெண்கள் கலந்துகொள்ள முடியாது என்ற விதி 2021 வரை இருந்தது. அந்த ஆண்டு அறிவித்த மாற்றத்தில்தான் அது போனது. திருநங்கைகளும் வரலாம் என்று சொன்னார்கள், வயது வரம்பை 29 ஆக உயர்த்தினார்கள். இவ்வளவு தாமதம் கூடாது. வயது வரம்பு எதற்கு என்பதும் எனக்கு இன்றுவரை புரியவில்லை. முடிவில் தலையில் வைக்கும் கிரீடமும் எனக்குப் பிடிக்காது. ஆனால் அதே மேடையில்தான் 2016-ல் சிட்னி ரோஸ் பிரியானா பார்கின்ஸ், கருக்கலைப்பைத் தடுத்த எட்டாவது அரசியல் சாசனத் திருத்தத்தை மாற்ற வாக்கெடுப்பு வேண்டும் என்று நேரலையில் பேசினார். 2014-ல் வென்ற மரியா வால்ஷ், தான் தன்பால் ஈர்ப்புள்ளவர் என்று பட்டம் பெற்ற சில நாளில் வெளிப்படையாகச் சொன்னார். 2019-ல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். அழகாகச் சிரித்துவிட்டுப் போவதற்கு வந்தவர்களா இவர்கள்?

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். உங்கள் பத்திரிகையை அயர்லாந்தில் வாசிக்கும் வீடுகளில் இப்போது இருபது வயதைத் தொட்ட பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா அப்பாவின் முகத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு, அந்தக் கட்டுரையை எடுத்துக் காட்டி யாரும் "வேண்டாம்" என்று சொல்லிவிடக் கூடாது.

என் மகளின் அந்தப் பட்டை இப்போது ஹார்டுவேர் கடையில், பில் போடும் இடத்துக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. ஆணி வாங்க வருகிறவர்களிடம் கடைக்காரர், "எங்க பொண்ணு" என்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நீனா, டிப்பரரி கவுண்டி, அயர்லாந்து