ஞாயிற்றுக்கிழமைக் கதை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. தேக்காச் சந்தைக்குத் தனியாகவே போய் மீன் வாங்கி வருகிறாள்.

ஏப்ரல் வந்தாலே இங்கே சிங்கப்பூரில் தமிழ்மொழி விழாதான். 2007-இல் ஆரம்பித்தபோது நீ பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாய். இந்த ஆண்டு நம் வட்டாரச் சமூக மன்றத்தில் கதை சொல்லும் விழா வைத்தார்கள். தாளைப் பார்த்துப் படிக்கக் கூடாது, திரையில் படம் போடக் கூடாது. வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மாணவர்கள் சிலர் ஒப்பித்தார்கள். உச்சரிப்பில் குறை சொல்ல முடியாது, ஆனால் அது கதையில்லை, பரீட்சை.

அப்புறம் ஒரு பாட்டி வந்தார். செம்பவாங் கப்பல்தளத்தில் வளர்ந்தவராம். குரங்கு முதலை முதுகில் ஏறி நடு ஆற்றுக்குப் போயாயிற்று. அங்கே சட்டென்று நிறுத்திவிட்டார். இடுப்பில் கைவைத்துப் பிள்ளைகளைப் பார்த்து, "உம் கொட்ட மாட்டீங்களா? யாரும் உம் கொட்டலைன்னா குரங்கு இங்கேயே கிடக்கும்" என்றார். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் வெட்கத்தோடு "உம்" என்றாள். பிறகு பார், கூடமே உம் கொட்டியது. வில்லுப்பாட்டில் "ஆமா" போடுவதற்கென்றே ஆள் இருப்பது சும்மா இல்லை.

உன் தாத்தா சிங்கப்பூர் ஆற்றோரம் மூட்டை சுமந்த காலத்தில் சீனக் கதைசொல்லிகளைப் பார்த்திருக்கிறார். ஓர் ஊதுபத்தி எரியும் வரைதான் கதை. பத்தி அணையும்போது கதாநாயகன் கழுத்தில் கத்தி இருக்கும்! காசு வசூலித்துவிட்டு அடுத்த பத்தியை ஏற்றுவார்களாம். பிறகு ரெடிஃப்யூஷன் என்ற கம்பிவழி வானொலி வந்தது. அதில் லீ டாய் சோ என்ற கதைசொல்லி, சீன வட்டார மொழியான கான்டோனீஸில் கதை சொன்னால் காப்பிக் கடையில் சத்தமே இருக்காது. 1982-இல் வட்டார மொழி நிகழ்ச்சிகளை நிறுத்தினார்கள். அவர் கதையும் நின்றது.

நமக்கு அப்படி யாரும் தடை போடவில்லை. தமிழ் அதிகாரத்துவ மொழி, ஒலி 96.8 வானொலி நாள் முழுக்கப் பேசுகிறது. வீட்டில் மட்டும் நாமாகவே வாயை மூடிக்கொண்டோம். எனக்குக் கோபம் அதில்தான்.

அதனால் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிடும்போது பேரன் "ஹாய் தாத்தா" என்று கையாட்டிவிட்டு ஓடிவிடுகிறான். இனிமேல் வீடியோ வேண்டாம். இங்கே ஆறு மணி என்றால் மெல்பர்னில் எட்டு, அவன் படுக்கும் நேரம். விளக்கை அணைத்துவிட்டுப் போனைத் தலையணைப் பக்கத்தில் வை. தெனாலிராமன் பூனையில் ஆரம்பிக்கிறேன். அவன் உம் கொட்டினால் போதும். நடுவில் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் கேட்கட்டும், நான் தமிழில் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக் கெடுக்காதே. பதிவும் செய்யாதே; அடுத்த வாரம் அதே கதையை வேறு மாதிரிச் சொன்னால் மாட்டிக்கொள்வேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். இந்த ஞாயிறே தோதுப்படுமா என்று எழுது.

அன்புடன்,
அப்பா