மாமிக்கு என்ன பூ அனுப்புவது

தருமபுரம்,
வியாழக்கிழமை.

அன்பு மகனுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். இதைக் கொப்பியில் எழுதி அக்காவின் மூத்தவளிடம் கொடுக்கிறேன். அவள் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவாள். போனில் கதைக்கத் தொடங்கினால் "வேலையில நிக்கிறன் அம்மா" என்று வைத்துவிடுகிறாய். இதை வைக்க ஏலாதுதானே.

மாமாவின் செத்தவீட்டுக்கு நீ அனுப்பின மலர்வளையம் வந்தது. கிளிநொச்சியிலிருந்து ஓட்டோவில் இரண்டு பெடியள் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். படலையால் உள்ளே எடுக்க ஒரு பக்கம் சரிக்க வேண்டியிருந்தது, அவ்வளவு பெரிது. வெள்ளை அந்தூரியம், நடுவில் ஊதா ஓர்க்கிட், சுற்றிவர வெள்ளை ரோசா. மரண உதவிச் சங்கத்தின் வளையமும் பள்ளிக்கூடத்து வளையமும் அதற்குப் பக்கத்தில் சின்னப்பிள்ளை போலக் கிடந்தன. "பிரான்ஸ் மருமகன் அனுப்பினதாம்" என்று சனம் கதைத்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ரிப்பனில் உன் பெயரைப் பிழையாக அடித்திருந்தார்கள். அதை விடு.

ரோசா பன்னிரண்டு மணிக்கே தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. இந்த வெயிலுக்கு மலையகத்துப் பூ நிற்காது. இரண்டு மணிக்குப் பாடையோடு சுடலைக்குப் போனது. பெண்கள் நாங்கள் படலையோடு நின்றுவிட்டோம். மாமி உன் வளையத்தைப் பார்த்தாளோ என்றே எனக்குச் சந்தேகம். அவள் மாமாவின் காலடியில் முகத்தை வைத்தபடி இருந்தாள், ஒன்றையும் பார்க்கவில்லை.

இப்போது முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்கு மாமிக்கென்று ஒரு பூச்செண்டு ஓடர் பண்ணட்டோ, எந்தப் பூ நல்லது என்று அக்காவுக்கு மெசேஜ் போட்டாயாம். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் உன் வேலையிடத்துப் பெண்ணின் தாய் செத்தபோதும் இப்படித்தான் கேட்டாய். பிறகு நீயே விசாரித்து எனக்குப் படிப்பித்தாய். அங்கே செவ்வந்தி கல்லறைக்கு வைக்கிற பூவாம், நவம்பர் 1ஆம் திகதி சனம் சாடி சாடியாகக் கொண்டுபோய் வைக்குமாம், ஆகையால் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே செவ்வந்தி இல்லாமல் அம்மனுக்கு மாலை ஏது? கடைசியில் வெள்ளை லில்லி வாங்கினாய், கூடவே உன் கையால் நாலு வரி எழுதி வைத்தாய். அதைக் கேட்டு நான் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன், என் பிள்ளைக்கு மனிசரின் மனம் தெரியுமென்று.

அந்தப் பெண்ணுக்கு நாலு வரி எழுதத் தெரிந்தது. மாமாவுக்கு "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று கடைக்காரன் எழுதினான்.

கோபிக்காதே ராசா. உன் வேலை எனக்குத் தெரியும். ஆனால் இன்றைக்கு இருபத்திரண்டாம் நாள், நீ இன்னும் மாமிக்கு ஒரு போன் எடுக்கவில்லை. எட்டுச்செலவன்று "தம்பி எடுத்தவனோ?" என்று அவள் கேட்டாள். நீங்கள் படுத்திருந்த நேரம் எடுத்தவன் என்று சொல்லிவிட்டேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளோ என்னவோ. காணி உறுதியைப் பற்றி இப்போது ஒருவரும் கதைக்கவில்லை, நானும் எழுதவில்லை. அவள் உன்னிடம் அதையெல்லாம் கேட்கிற ஆளும் இல்லை. போனை எடு.

பூவைக் கேட்டாயே. அங்கே பூவை இருக்கிறவர்களின் கையில் கொடுக்கிறீர்கள். இங்கே பூ செத்தவருக்கு, இல்லாவிட்டால் சாமிக்கு. தாலி இறங்கின வீட்டில், நேற்றுவரை தலைநிறைய மல்லிகை வைத்தவளின் கையில் ஒரு பூச்செண்டைக் கொடுத்தால் அவள் அதை எங்கே வைப்பாள்? கொண்டுவந்த பெடியனுக்கு முன்னால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இந்த வழக்கம் சரியென்று நான் சொல்லவில்லை. எனக்கு விருப்பமும் இல்லை. ஆனால் அவளை அப்படி நிற்க வைக்காதே.

சாவீட்டுக்கு என்ன கொண்டுபோவது என்று உனக்குச் சொல்லித்தர நான் யார் என்றும் நினைக்கிறேன்.

கடைசிச் சண்டை நேரம் வலைஞர்மடத்தில் மாமியின் பிள்ளை கிளி செத்த அன்று உனக்குப் பதினொரு வயது. நீ என் மடியில் இருந்தாய். மாமி கத்தினது கேட்டது, இருபது அடிகூட இராது. ஷெல் நின்ற பிறகும் நான் பங்கரை விட்டு வெளியே வரவில்லை. உங்கள் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றுதான் இவ்வளவு காலமும் எனக்கே சொல்லிக்கொண்டேன். பயம், அவ்வளவுதான். என் தம்பி, உன் மாமா, தனிய மண்ணைத் தோண்டினான். மாமி கரையில் கிடந்த அடம்பன் கொடியை இழுத்து, அதில் இருந்த ஊதாப் பூவைப் பிய்த்து மேலே வைத்தாளாம். அடுத்த நாள் அவளைக் கண்டபோது, "தண்ணிக்குப் போறியோ?" என்று கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை. செட்டிகுளம் முகாமில் ஒரே கூடாரத்தில் படுத்தோம், அப்போதும் கேட்கவில்லை. திரும்பி வந்து அவளோடு சேர்ந்து அந்த வளவில் பற்றை வெட்டினேன், அப்போதும் இல்லை. அவளும் என்னை ஒருநாளும் ஏனென்று கேட்டதில்லை. முதல் நாள் போகாத வீட்டுக்கு இரண்டாம் நாள் போவது கஷ்டம், மகன். பிறகு ஒவ்வொரு நாளும் கூடக் கஷ்டம்.

இப்போது நான் தினமும் விசுவமடுவுக்குப் பஸ்ஸில் போய் வருகிறேன். மாமாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறது. பூ அவள்தான் வைக்கிறாள், ஒன்றே ஒன்று. கிணற்றடி நந்தியாவட்டையைப் பந்தலுக்கு இடைஞ்சல் என்று வெட்டிவிட்டார்கள். அதனால் பக்கத்து வீட்டு வேலியில் செவ்வரத்தை பறிக்கிறாள். எங்கள் வீட்டு நந்தியாவட்டையில் ஒரு தடி வெட்டிக்கொண்டுபோய் நட்டிருக்கிறேன். தளிர்க்குமோ பார்ப்போம். ஓடருக்கு வைத்த காசை வைத்துக்கொள்.

பொழுது விடிய முதல், ஐந்து மணிக்கே பூப் பறிக்க எழும்பிவிடுகிறாள். அந்த நேரம் உங்களுக்கு நடுச்சாமம், நீ ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவி முடித்து வெளிக்கிடுகிற நேரம். போன் அவளுடைய சட்டைப் பைக்குள்தான் கிடக்கும்.

அம்மா