நீர்மூழ்கி வாங்கியவர்களுக்கு: தண்ணீர் எப்படி உள்ளே போனது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடந்த மூன்று மாதத்தில், நாங்கள் கட்டிக் கொடுத்த, ரேடியோ ரிமோட்டில் ஓடும் மாதிரி நீர்மூழ்கிகளில் நான்கு எங்கள் செந்தூல் கடைக்குத் திரும்பி வந்துவிட்டன. நான்கிலும் உள்ளே தண்ணீர். ஒன்றைக் கவிழ்த்ததும் தே தாரிக் நிறத்தில் அரை கிளாஸ் மேசையில் கொட்டியது. “சீல் போட்டுத்தானே கொடுத்தீங்க?” என்றார் கொண்டுவந்த அண்ணன். நியாயமான கேள்வி. பதில் தேட எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது.

முதலில் ஒரு குழப்பம் தீரட்டும். கப்பலின் வெளி உடம்புக்குள் தண்ணீர் போகத்தான் வேண்டும், அடியில் உள்ள துளைகள் அதற்குத்தான். ஒருவர் அவற்றையெல்லாம் அடைத்துவிட்டு, “முங்க மாட்டேங்குதே” என்று வந்தார்! நனையக் கூடாதது நடுவில் இருக்கும் அக்ரிலிக் குழாய் மட்டுமே. பேட்டரி, மோட்டார், ரிசீவர், சர்வோ எல்லாம் அதற்குள். இரண்டு முனையிலும் மூடி, மூடியைச் சுற்றி ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம்.

ஆழம்தான் காரணம் என்று நாங்களும் நினைத்தோம். குழாயின் உள்விட்டம் 75 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் ஆழத்தில் தண்ணீர் அந்த மூடியைச் சுமார் நாலரைக் கிலோ பாரத்தோடு தள்ளும். ஆனால் உள்பக்கமாகத் தள்ளுவதால், மூடி இன்னும் நன்றாகத்தான் உட்காரும். கடைத் தண்ணீர்த் தோங்கில் இரவு முழுக்க அமுக்கி வைத்துப் பார்த்தோம், ஒரு சொட்டு இல்லை.

கோளாறு நடந்தது குளத்தில் இல்லை, காரில். கடையில் ஏர்கோன் ஓடும், குழாயை 25 டிகிரியில் மூடுகிறோம். மத்தியான வெயிலில் நிறுத்திய காருக்குள் அது 55 டிகிரிக்குப் போனால், உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடிவிடும். அதே நாலரைக் கிலோ, இந்தத் தடவை உள்ளேயிருந்து வெளியே. எங்கள் வேனில் ஒரு காலிக் குழாயை வைத்து, மூடி ஓரத்தில் பென்சில் கோடு போட்டுப் பார்த்தோம். மூன்று மணிக்குக் கோடு இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. சூடான காற்று கொஞ்சம் வெளியேறிவிடுகிறது. அப்புறம் படகைக் குளத்தில் இறக்கியதும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்கி, தளர்ந்த மூடி வழியாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது.

அதனால் பின்மூடியில் ஒரு சிறு காற்றுத் திருகும், இரண்டு மூடிகளையும் பிணைக்கும் நீளக் கம்பியும் வைத்துத் தருகிறோம், செலவு எங்களுடையது. பயணத்தில் திருகு திறந்தே இருக்கட்டும். குளத்தங்கரையில் நிழலில் கால் மணி நேரம் ஆறவிட்டு மூடுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரமும் சேர்ந்து உள்ளே போகுமே என்பீர்கள். ஆமாம், அதற்கு ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும்.

மூன்று படகுகளின் கதை இது. நான்காவதில் ஓ-ரிங்குக்கு அடியில் ஒரே ஒரு பூனை முடி! துணியால் துடைக்காதீர்கள், விரலால் தடவிப் பாருங்கள், நூலோ மணலோ கண்ணை ஏமாற்றும், விரலை ஏமாற்றாது. சிலிகான் கிரீஸ் ரப்பர் மினுங்கும் அளவுக்குப் போதும். தண்ணீரைத் தடுப்பது ரப்பர், கிரீஸ் அது வழுக்கி உட்கார மட்டும். அப்பி வைத்தால் தூசிதான் ஒட்டும்.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். தொடக்கத்தில் சில குழாய்களில் வயர் நுழையும் இடத்தைக் காடி வாடை அடிக்கும் சாதா சிலிகானால் அடைத்திருந்தோம். காயும்போது அது விடும் அமிலம் செம்பை அரிக்கும். வயர் முனை பச்சை பூத்திருந்தால் கொண்டு வாருங்கள், காசு வாங்காமல் மாற்றித் தருகிறோம்.

வீட்டில் இருக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டைப் பொருத்தச் சொல்லிப் பலர் கேட்கிறீர்கள். முங்கும் படகுக்கு அதைப் பொருத்த மாட்டோம். ஆண்டெனா சில சென்டிமீட்டர் தண்ணீருக்குள் போனாலே படகு செவிடாகிவிடும். பழைய 27, 40 மெகாஹெர்ட்ஸ் செட்டுகள்தான் நன்னீரில் சில மீட்டர் வரை கேட்கும். போர்ட் டிக்சன் கடலில் விடலாமா என்றால், வேண்டாம். உப்புத் தண்ணீரில் அந்த அலையும் எடுபடாது. தவிர, நன்னீருக்குச் சரியாக எடை வைத்த நாலு கிலோ படகு கடலில் முங்க இன்னும் 100 கிராம் ஈயம் வேண்டும்.

சனிக்கிழமைகளில் காலை பத்து முதல் ஒரு மணி வரை தோங்கில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்போம். படகைக் கொண்டு வாருங்கள், உங்கள் கண்முன்னே சோதிக்கலாம். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. வரும்போது படகைப் பின்பெட்டியில் போடாமல், ஏர்கோன் படும்படி சீட்டில் வையுங்கள்.

இப்படிக்கு,
கடைக்காரர்கள்